ஜேர்மன் மொழியில் ஆண்பாற் பொதுவழக்கு: ஒரு வரலாற்று நோக்கு

சூரிச் நகரிலே சட்டம் பயின்ற எமிலி கெம்பின்-ஸ்பீரி என்னும் பெண்மணி, 1887ஆம் ஆண்டில் சுவிற்சர்லாந்தின் கூட்டாட்சி உயர்நீதிமன்றின் முன் ஒரு வினாவை எழுப்பினார். வழக்கொன்றிலே தம் கணவரின் சார்பாக நீதிமன்றில் தோன்றுவதற்கு அவருக்கு அனுமதி மறுக்கப்பட்டிருந்தது. வாக்குரிமை உடைய குடியே பிறர் சார்பில் வழக்காடலாம் என்பது அக்காலச் சூரிச் சட்டம். பெண்களுக்கோ வாக்குரிமை இல்லை. 1874ஆம் ஆண்டின் கூட்டாட்சி அரசியலமைப்பு, சுவிற்சர்லாந்தினர் அனைவரும் சட்டத்தின் முன் சமமானோர் என நான்காம் உறுப்புரையிற் கூறிற்று. அங்கே வழங்கும் 'ஷ்வைட்சர்' என்ற சொல் வடிவத்தால் ஆண்பாற் சொல்லாயினும் பொருளால் இருபாலாரையும் குறிக்குமென்பது அவரது வாதம். அவ்விளக்கம் புதியது, துணிச்சலானது எனக் கூறி நீதிமன்று அதனை நிராகரித்தது. அதே ஆண்டிற் கலாநிதிப் பட்டம் பெற்று, சுவிற்சர்லாந்தில் அப்பட்டத்தைச் சட்டத்துறையிற் பெற்ற முதற் பெண்ணாக அவர் விளங்கியபோதும், வழக்கறிஞராகத் தொழில் புரியும் உரிமை அவருக்குக் கிட்டவில்லை.

நூற்றுமூன்று ஆண்டுகள் கழிந்தபின் அதே நீதிமன்றின் முன் அதே வினா மீண்டும் வந்தது. அப்பென்செல் உட்பகுதி எனப்படும் சிறிய கன்ரனில், 1990ஆம் ஆண்டுச் சித்திரை மாதத்திற் கூடிய ஆடவர் பேரவை, பெண்களுக்குக் கன்ரன் மட்டத்தில் வாக்குரிமை வழங்க மறுத்தது. அவ்வாண்டு கார்த்திகை மாதத்தில் உயர்நீதிமன்று தீர்ப்பளித்தது. 1981இல் கூட்டாட்சி அரசியலமைப்பிற் சேர்க்கப்பட்ட ஆண் பெண் சமத்துவ விதியின் ஒளியில், கன்ரன் அரசியலமைப்பிலே வாக்காளரைச் சுட்டும் 'ஷ்வைட்சர்' முதலான சொற்கள் பெண்களையும் உளப்படுத்துவனவாகவே கொள்ளப்படல் வேண்டும் என்பது அத்தீர்ப்பின் சாரம். சொல்லில் ஓரெழுத்தேனும் மாறவில்லை. ஆயினும் 1887இற் பெண்களை வெளியே நிறுத்திய சொல் 1990இல் அவர்களை உள்ளே அழைத்துக்கொண்டது.

ஆண்பாற் சொல்லொன்று இருபாலார்க்கும் பொதுவாக நிற்பதென்பது இலக்கணம் தானே தரும் பயனா, அன்றிப் பொருள்கொள்ளும் அதிகாரம் எவர் கையில் உளதோ அவர் தருவதா என்ற கேள்வி இங்கு எழுகின்றது. ஜேர்மன் மொழியிற் கடந்த அரை நூற்றாண்டாக நடைபெற்றுவரும் பால்நடுநிலை மொழி பற்றிய விவாதத்தின் அடிப்படை இக்கேள்வியே எனலாம். அவ்விவாதம் தோன்றி வளர்ந்த வரலாற்றை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இலக்கணப் பின்னணி

ஜேர்மன் மொழியில் ஒவ்வொரு பெயர்ச்சொல்லும் ஆண்பால், பெண்பால், அலிபால் என்னும் மூன்றனுள் ஒன்றைச் சாரும். 'டேர்', 'டீ', 'டாஸ்' என்னும் சுட்டிடைச் சொற்கள் அப்பாகுபாட்டைக் காட்டுவன. தமிழிலே பாற்பாகுபாடு பொருள்பற்றி அமைவது. மக்கட் சுட்டில்லாத பொருளுக்கு ஆண்பாலும் பெண்பாலும் இல்லை. ஜேர்மன் மொழியிலோ அது பெரிதும் சொல்பற்றி அமைவது. ஞாயிறு பெண்பால், திங்கள் ஆண்பால். சிறுமியைக் குறிக்கும் 'மேட்ஷென்' என்பது அலிபால். குறுமைப்பொருள் விகுதி பெற்ற சொற்கள் யாவும் அலிபாலாதல் அம்மொழி மரபாதலின் அவ்வாறாயிற்று. 'பெர்சோன்' என்னும் சொல் ஆடவர் ஒருவரைக் குறிக்கும்போதும் பெண்பாலாகவே நிற்கும். எனவே இலக்கணப்பாலும் இயற்கைப்பாலும் வேறு வேறு என வாதிப்போர்க்கு எடுத்துக்காட்டுகள் பஞ்சமில்லை.

ஆனால் தொழில், பதவி, நாடு ஆகியன பற்றி மக்களைக் குறிக்கும் பெயர்களை நோக்குமிடத்து நிலைமை வேறாகின்றது. ஆசிரியன் 'லேரர்', அதனோடு 'இன்' என்னும் விகுதி சேர ஆசிரியை. இங்கே இலக்கணப்பாலும் இயற்கைப்பாலும் பெரும்பாலும் ஒத்துச் செல்கின்றன. பெண்பாற் சொல் பெண்ணை மட்டுமே குறிக்க, ஆண்பாற் சொல் ஆணையும் குறிக்கும், பால் அறியப்படாதவரையும் குறிக்கும், இருபாலார் கலந்த கூட்டத்தையும் குறிக்கும். இதுவே ஆண்பாற் பொதுவழக்கு எனப்படுவது. தொண்ணூற்றொன்பது பாடகிகளோடு ஒரு பாடகன் சேர்ந்தால் நூறு 'பாடகன்மார்' ஆகிவிடுகின்றனர் என்று மொழியியலாளரான லூயிசே புஷ் இவ்வழக்கின் இயல்பைச் சுவைபட எடுத்துக்காட்டினார். பன்மையிற் பலர்பாலீறு கொண்டு இருபாலாரையும் ஒருங்கே சுட்டும் தமிழ்மொழியாளர்க்கு இவ்விடர்ப்பாட்டின் கடுமை எளிதிற் புலப்படாது. ஜேர்மன் மொழியிற் பன்மைச் சுட்டிடைச்சொல் ஒன்றேயாயினும், பெயர்ச்சொல் தன் பாலைப் பன்மையிலும் கைவிடுவதில்லை.

'இன்' விகுதியின் வரலாறு

பெண்பால் விகுதியான 'இன்' புதிதாகப் படைக்கப்பட்டதன்று. பதினெட்டாம் நூற்றாண்டிலே பெண்களின் குடும்பப் பெயர்களோடும் அது ஒட்டி வழங்கிற்று. நாடகக் குழுவொன்றை நடத்திப் புகழ்பெற்ற கரோலினே நொய்பர் 'நொய்பரின்' எனவும், கவிஞரான அன்னா லூயிசா கார்ஷ் 'கார்ஷின்' எனவும் அழைக்கப்பட்டனர். தொழிற்பெயரோடு சேரும்போது அத்தொழிலைச் செய்பவள் என்னும் பொருளையன்றி, அத்தொழில் செய்பவனின் மனைவி என்னும் பொருளையும் அவ்விகுதி தந்தது. பேராசிரியரின் மனைவிக்கும் வைத்தியரின் மனைவிக்கும் கணவரின் பட்டமே முகவரியாயிற்று. பெண்கள் அத்தொழில்களிலே புகமுடியாதிருந்த காலத்தில் இதனாற் குழப்பம் எதுவும் விளையவில்லை. 1754இல் ஹாலே நகரில் மருத்துவக் கலாநிதியான டொறொதேயா எர்க்ஸ்லெபன் போன்றோர் அரிய விதிவிலக்குகளே.

இலக்கண ஆசிரியர்களும் தம் காலச் சமூகக் கருத்துகளினின்றும் விடுபட்டவரல்லர். யாக்கோப் கிரிம் 1831இல் வெளியிட்ட தமது ஜேர்மன் இலக்கணத்தின் மூன்றாம் பாகத்திலே, இலக்கணப்பால் என்பது இயற்கைப்பாலை மனிதக் கற்பனை பொருள்கள் அனைத்தின் மீதும் விரித்ததன் விளைவு என்றார். முந்தியது, பெரியது, உறுதியானது, செயலூக்கம் உடையது ஆண்பால். பிந்தியது, சிறியது, மென்மையானது, ஏற்றுக்கொள்ளும் இயல்பினது பெண்பால் என்பது அவரது விளக்கம். பிற்காலத்து மொழிநூலார் இதனை ஏற்றிலர். ஆயினும் இலக்கணப்பாலுக்கும் சமூகத்திற்கும் தொடர்பே இல்லை என இன்று வாதிப்போர், அத்தொடர்பை முதலில் வற்புறுத்தியவர் ஜேர்மன் மொழிநூலின் தந்தையருள் ஒருவரே என்பதை மனங்கொள்ளல் வேண்டும்.

பாடன் மாநிலம் 1900இலும் பிரசியா 1908இலும் பல்கலைக்கழகங்களைப் பெண்களுக்கு முழுமையாகத் திறந்துவிட்டன. 1918ஆம் ஆண்டுக் கார்த்திகையில் வாக்குரிமையும் கிடைத்தது. பெண்கள் மாணவராயும் வைத்தியராயும் பாராளுமன்ற உறுப்பினராயும் ஆகியபோதே, அவர்களை எப்பெயரால் அழைப்பது என்பது உண்மையான சிக்கலாயிற்று.

சட்டத்தின் சமத்துவமும் சொல்லின் சமத்துவமும்

இரண்டாம் உலகப்போரின் பின் மேற்கு ஜேர்மனியின் அடிப்படைச் சட்டத்தை வரைந்த பாராளுமன்றச் சபையின் 65 உறுப்பினருள் நால்வரே பெண்கள். அவர்களுள் ஒருவரான எலிசபெத் செல்பெர்ட் என்னும் சட்டத்தரணி, ஆணும் பெண்ணும் சமவுரிமை உடையோர் என்னும் வாசகத்தைச் சேர்க்குமாறு வற்புறுத்தினார். முதலில் அது தோற்கடிக்கப்பட்டது. நாடெங்குமிருந்து பெண்கள் அமைப்புகள் எழுப்பிய கண்டனத்தின் பின்னரே அது ஏற்கப்பட்டு, 1949இல் மூன்றாம் உறுப்புரையில் இடம்பெற்றது. ஆனால் அதே சட்டம் நாட்டின் தலைவரையும் அரசாங்கத் தலைவரையும் ஆண்பாற் சொற்களாலேயே குறித்தது. சமத்துவம் சட்டப் புத்தகத்தை விட்டு வீட்டுக்குள் நுழையவும் நெடுங்காலம் சென்றது. இல்லறக் கடமைக்கு இசைந்த அளவிலேயே மனைவி தொழில் செய்யலாம் என்னும் விதி 1977ஆம் ஆண்டுத் திருமணச் சட்டச் சீர்திருத்தத்தினாலேயே நீங்கிற்று.

மொழித்துறையில் முதலில் வீழ்ந்தது 'ஃபிரொய்லைன்' என்னும் விளிச்சொல். மணமாகாத பெண்ணைக் குறித்த இச்சொல் குறுமை விகுதி பெற்றது. எழுபது வயதினராயினும் மணமாகாதவர் இச்சிறுமைப் பெயராலேயே அழைக்கப்பட்டார். மணமாகாத ஆடவனுக்கு இவ்வாறான சொல் எதுவும் வழக்கில் இல்லை. வயதுவந்த பெண்கள் அனைவரையும் 'ஃபிரௌ' என்றே அழைத்தல் வேண்டும் என 1972இல் மேற்கு ஜேர்மனியின் உள்நாட்டு அமைச்சு அரச அலுவலகங்களுக்குச் சுற்றறிக்கை விடுத்தது. 1975இல் வெளிவந்த வெரேனா ஷ்டெஃபானின் 'ஹொய்ட்டுங்கன்' என்னும் நூல், 'ஒருவர்' எனப் பொதுப்பொருள் தரும் 'மன்' என்ற சொல்லின் இடத்திற் 'ஃபிரௌ' என்ற சொல்லை வைத்து எழுதியது. ஆணைக் குறிக்கும் சொல்லோடு ஒலியால் ஒன்றுபட்ட அச்சிறுசொல்லும் இதனால் விவாதப் பொருளாயிற்று.

பல்கலைக்கழகத்தினுள் இவ்விவாதம் புகுந்தது 1978இல் ஆகும். கொன்ஸ்டான்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த செண்டா திரோமல்-புளோட்ஸ் 'மொழியியலும் பெண்கள் மொழியும்' என்னும் பொருள்பட ஒரு கட்டுரையை மொழியியல் ஏடொன்றில் வெளியிட்டார். ஆண்பாற் பொதுவழக்குப் பெண்களைக் கேட்போர் மனத்தினின்றும் மறைத்துவிடுகின்றது என்பது அவரது குற்றச்சாட்டு. அடுத்த ஆண்டே ஹார்ட்விக் கால்வர்கெம்பர் மறுப்பு எழுதினார். எதிர்நிலைச் சொற்கள் இரண்டனுள் குறியீடு பெறாத ஒன்று பொதுப்பொருளையும் தாங்குதல் மொழியின் இயல்பு. அதனைச் சமூக ஒடுக்குமுறையாகக் காண்பது மொழியமைப்பையும் மொழிப் பயன்பாட்டையும் ஒன்றெனக் கொள்ளும் பிழை என அவர் வாதிட்டார். அவருக்கு விடையிறுத்த லூயிசே புஷ், குறியீடு பெறாத நிலை ஏன் எப்போதும் ஆணுக்கே உரியதாயிற்று என வினவினார். 1980இல் இவ்விருவரும் இங்கிரிட் குந்தரோட், மார்லிஸ் ஹெலிங்கர் ஆகியோரும் சேர்ந்து, பால்சார் பாரபட்சமான மொழிவழக்கைத் தவிர்ப்பதற்கான நெறிமுறைகளை வெளியிட்டனர். 1984இல் வெளிவந்த 'ஆண்மொழியாக ஜேர்மன்' என்னும் பொருளுடைய புஷ்ஷின் நூல் இவ்விவாதத்தைப் பொதுமக்களிடம் கொண்டுசென்றது.

இது சொல்லாராய்ச்சி மட்டுமன்று, வேலைவாய்ப்போடு தொடர்புடையது. ஐரோப்பிய சமூகத்தின் 1976ஆம் ஆண்டுப் பணிப்புரையைப் பின்பற்றி, தொழில் விளம்பரங்கள் ஒரு பாலாரை மட்டும் நோக்கியனவாக அமையலாகாது என மேற்கு ஜேர்மனி 1980இற் சட்டம் இயற்றியது. ஆயினும் அவ்விதி கட்டாயமாக ஆக்கப்பட்டது 1994இலேயே. பொறியியலாளன் தேவை என்ற விளம்பரம் பொறியியலாளரான பெண்ணையும் அழைக்கின்றதா என்பது ஊதியத்தைப் பற்றிய கேள்வி.

கிழக்கு ஜேர்மனியின் அனுபவம்

இவ்விடத்திற் கிழக்கு ஜேர்மனியையும் நோக்குதல் வேண்டும். அந்நாட்டின் 1949ஆம் ஆண்டு அரசியலமைப்பும் ஆண் பெண் சமத்துவத்தைப் பிரகடனஞ் செய்தது. பெண்களுள் மிகப் பெரும்பான்மையினர் தொழில் புரிந்தனர். பிள்ளை பராமரிப்பு நிலையங்களும் பரவலாக அமைந்தன. ஆயின் அங்கே பெண்கள் பலர் தம்மைப் பொறியியலாளன், ஆசிரியன் என ஆண்பாற் பெயராலேயே குறித்தனர். அதனை இழிவாகக் கருதினாருமிலர். சொல் மாறாமலே வாழ்க்கை மாறலாம் என்பதற்கு இதனைச் சான்றாக்குவோர் உளர். அதே வேளையில், அந்நாட்டின் அதிகார உச்சியான கட்சித் தலைமைக்குழுவில் முழு உறுப்புரிமையோடு ஒரு பெண்ணேனும் அமர்ந்ததில்லை என்பதையும் உடன்வைத்து நோக்குதல் வேண்டும். மேற்கிலே சொல்லைப்பற்றிய போராட்டமும் கிழக்கிலே தொழிலைப்பற்றிய முன்னேற்றமும் தனித்தனியே நிகழ்ந்தன. எதுவும் தனித்து நின்று முழுமை பெறவில்லை.

புதிய வடிவங்கள்

பொதுவழக்கை விட்டோர் கைக்கொண்ட வழிகள் பல. 'மாணவிகளும் மாணவர்களும்' என இருவடிவங்களையும் கூறுதல் ஒன்று. கற்போர் என்னும் பொருள்தரும் 'ஸ்டுடீரெண்டே' போல, பன்மையிற் பால் காட்டாத வினையடிப் பெயர்களை ஆளுதல் மற்றொன்று. 1980களில் எழுத்தில் மட்டும் புலப்படும் வடிவமொன்று தோன்றிற்று: பெண்பால் விகுதியின் முதலெழுத்தைச் சொல்லின் நடுவே பெரிய எழுத்தாக எழுதுதல். சூரிச்சின் வார இதழொன்றும் பின்னர் பேர்லினின் 'டாட்ஸ்' நாளிதழும் இதனைப் பரப்பின.

சட்டமொழியும் மாறிற்று. 2013இல் நடைமுறைக்கு வந்த வீதிப் போக்குவரத்து ஒழுங்குவிதிகளிற் பாதசாரியைக் குறித்த ஆண்பாற் சொல் நீங்கி, நடந்து செல்வோர் எனப் பொருள்படும் தொடர் இடம்பெற்றது. அதே ஆண்டில் லைப்சிக் பல்கலைக்கழகம் தன் யாப்பிலே பெண்பாற் சொற்களையே இருபாலார்க்கும் பொதுவாக ஆளுவதெனத் தீர்மானித்தது. ஆண் பேராசிரியர்களைப் பெண்பாற் பெயரால் விளிக்கப்போவதாகச் செய்தித்தாள்கள் திரித்துக் கூறின; உண்மையில் அது யாப்பின் வாசகத்திற்கு மட்டும் உரியது. இதற்கு முன்னரே, 1993இல், சுவிற்சர்லாந்தின் வேடென்ஸ்வில் நகரில் அத்தகைய முயற்சியொன்று வாக்கெடுப்பிலே தோற்கடிக்கப்பட்டது. ஆண்பாற் பொதுவழக்கை இயல்பெனக் கொண்டோர்க்குப் பெண்பாற் பொதுவழக்கு நகைப்பையோ சினத்தையோ விளைத்தமை சிந்திக்கத்தக்கது.

வானிலைகூட இவ்விவாதத்திற்குத் தப்பவில்லை. பேர்லின் சுதந்திரப் பல்கலைக்கழக வானிலை நிறுவனம் 1954 முதல் காற்றமுக்க நிலைகளுக்கு மனிதப் பெயர்களை இட்டுவந்தது. நல்வானிலை தரும் உயர் அமுக்கங்களுக்கு ஆண்பெயர். மழையும் புயலும் தரும் தாழமுக்கங்களுக்குப் பெண்பெயர். பெண்களின் கண்டனத்தின் பின் 1998 முதல் ஆண்டுக்கு ஆண்டு இவ்வொழுங்கு மாறி மாறி வருகின்றது.

2005ஆம் ஆண்டு கார்த்திகையில் அங்கெலா மேர்க்கெல் அரசாங்கத் தலைவரானபோது 'புண்டெஸ்கான்ஸ்லரின்' என்னும் பெண்பாற் சொல் நடைமுறைக்கு வந்தது. ஜேர்மன் மொழிக் கழகம் அதனை அவ்வாண்டின் சொல்லாகத் தெரிந்தது. அடிப்படைச் சட்டத்தின் வாசகத்தில் ஆண்பாற் சொல்லே நின்றது. அவர் பதினாறு ஆண்டுகள் அப்பதவியிலிருந்தார்.

எதிர்வாதங்களும் சோதனைகளும்

பொதுவழக்கை ஆதரிப்போரின் வாதங்கள் எளிதிற் புறக்கணிக்கத்தக்கன அல்ல. பேற்றர் ஐசன்பெர்க் போன்ற இலக்கண அறிஞர், 'லேரர்' போன்ற சொற்களின் ஈறு செயலைச் செய்பவரை உணர்த்துமேயன்றிப் பாலை உணர்த்தாது என்பர். இருவடிவங்களையும் ஓயாது கூறுதல் வாசகத்தைச் சுமையாக்கும். வாசிப்பிற் குறைபாடுடையோர்க்கும் மொழி கற்போர்க்கும் இடர் தரும். மேலிருந்து புகுத்தப்படும் மொழிமாற்றம் மக்கள் வழக்காகாது என்பனவும் அவர்தம் கருத்துகள். 2019இல் ஜேர்மன் மொழிச் சங்கம் இப்போக்கிற்கு எதிராக வெளியிட்ட அறைகூவலில் எழுத்தாளர்களும் அறிஞர்களும் பலர் கையொப்பமிட்டனர்.

ஆயின் சொல் எதனை உணர்த்தல் வேண்டும் என்பது இலக்கண வினா. கேட்போர் மனத்தில் எதனை உணர்த்துகின்றது என்பது சோதித்தறியவேண்டிய வினா. டாக்மார் ஷ்டால்பெர்க், சபீனே செஸ்னி ஆகியோர் 2001இல் வெளியிட்ட ஆய்விலே, தமக்கு விருப்பமான எழுத்தாளர், நடிகர் போன்றோரைக் கூறுமாறு வினவப்பட்டோர், ஆண்பாற் சொல்லால் வினவப்பட்டபோது கூறிய பெண்களிலும், பெண்களை வெளிப்படையாகச் சுட்டும் வடிவங்களால் வினவப்பட்டபோது கூடுதலான பெண்களைக் கூறினர். 2008இற் பஸ்கால் கிகாக்ஸ் முதலியோர் வெளியிட்ட ஒப்பாய்வும், ஜேர்மன், பிரெஞ்சு மொழி பேசுவோர் ஆண்பாற் பன்மையைக் கேட்டபோது பெரிதும் ஆடவரையே எண்ணினர் எனக் காட்டிற்று. ஆங்கிலம் பேசுவோரிடம் இவ்விளைவு தொழில்பற்றிய முற்கோளையே சார்ந்திருந்தது. பொதுவழக்கின் ஆதரவாளர் இச்சோதனைகளின் முறைபற்றி ஐயம் எழுப்பினும், பெண்களும் உள்ளடக்கப்படுகின்றனர் என்று சொல்லிவிடுவதனால் மட்டும் அது நிகழ்ந்துவிடுவதில்லை என்பது இவற்றாற் பெறப்படும்.

நீதிமன்றங்களோ வேறு வழியிற் சென்றன. சார்லாந்து மாநிலத்தைச் சேர்ந்த முதிய பெண்மணி ஒருவர், வங்கிப் படிவங்கள் தம்மை ஆண்பாற் சொல்லால் 'வாடிக்கையாளன்' எனக் குறித்தல் ஆகாதென வழக்குத் தொடுத்தார். ஆண்பாற் சொல் எல்லாப் பாலாரையும் உளப்படுத்துவது பொது மொழிவழக்கும் சட்டமொழி மரபும் ஆகும். ஆதலால் அவருக்குப் பாரபட்சம் எதுவும் இழைக்கப்படவில்லை என ஜேர்மனியின் கூட்டாட்சி உயர்நீதிமன்று 2018ஆம் ஆண்டுப் பங்குனியில் தீர்ப்பளித்தது. நாடுகள் வேறாயினும், இத்தீர்ப்பை 1887ஆம் ஆண்டுத் தீர்ப்போடு ஒப்புநோக்குதல் தகும். உரிமை கோரிய பெண்ணுக்கு அச்சொல்லில் உனக்கு இடமில்லை எனப்பட்டது. பெயர் கோரிய பெண்ணுக்கு அச்சொல்லிலேயே உனக்கு இடமுண்டு எனப்பட்டது.

அண்மைக்காலம்

2017இல் ஜேர்மன் அரசியலமைப்பு நீதிமன்று, ஆண் பெண் என்னும் இரண்டிலும் அடங்காதோர்க்குப் பதிவேட்டிலே தனிப்பிரிவு வேண்டுமென விதித்தது; 2018 முடிவில் அதற்கான சட்டம் நடைமுறைக்கு வந்தது. இருவடிவங்களையும் கூறும் முறை இதனாற் போதாததாயிற்று. சொல்லின் நடுவே உடுக்குறியோ முக்காற்புள்ளியோ இட்டு, பேசும்போது அவ்விடத்திற் சிறிது நிறுத்தி ஒலிக்கும் வழக்கு பரவிற்று. ஹனோவர் நகர நிருவாகம் 2019இல் உடுக்குறியை ஏற்றது. ஜேர்மன் எழுத்திலக்கணச் சபை 2021இலும் 2023இலும் இதனை ஆராய்ந்தபோது இக்குறிகளை எழுத்திலக்கண விதிகளுட் சேர்க்கவில்லை. 2024ஆம் ஆண்டுச் சித்திரை முதல் பவேரிய மாநிலம் தன் அலுவலகங்களிலும் பாடசாலைகளிலும் பல்கலைக்கழகங்களிலும் இக்குறிகளைத் தடை செய்தது. அரசு மொழியில் தலையிடலாகாது என்று வாதித்தோருட் சிலர் அரசின் தடையை வரவேற்றமை இவ்விவாதத்தின் முரண்களுள் ஒன்று.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் இரண்டு உண்மைகள் புலனாகும். சொற்களை மாற்றுவதனால் மட்டும் சமத்துவம் பிறந்துவிடாது. கிழக்கு ஜேர்மனியின் அனுபவமும், ஆண்பாற் சொல்லால் குறிக்கப்பட்ட பதவியிலே பெண்ணொருவர் பதினாறு ஆண்டுகள் வீற்றிருந்தமையும் அதனை உணர்த்துவன. எனினும் சொல் வெறும் சொல்லே என்பதும் பொருந்தாது. பொதுவென வழங்கும் சொல்லிலே தாம் அடங்குவதும் அடங்காததும் பிறர் கொள்ளும் விளக்கத்தால் தீர்மானிக்கப்படும்வரை, அச்சொல்லை நம்பி வாழ்வோரின் உரிமை உறுதியானதன்று. உடுக்குறி நிலைக்குமா மறையுமா என்பதை மொழிவழக்கே தீர்க்கும். ஆனால் அது எழுப்பிய வினா, அதாவது ஒரு சமுதாயம் 'நாம் எல்லோரும்' என்று கூறும்போது எவரெவரை எண்ணிக் கூறுகின்றது என்னும் வினா, எழுத்துக்குறியோடு மறைந்துவிடப் போவதில்லை. சுவிற்சர்லாந்துப் பெண்கள் அவ்வினாவுக்குத் தக்க விடை பெற நூற்றுமூன்று ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.